பள்ளிக்கூடத்துப் பக்கம் இறங்கும் படிக்கட்டு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. பேனாவுக்கு நிப்பு வாங்கப் போன இடத்தில் கிடைத்தது.

எண்பத்தாறாம் வருஷம், தை மாசம். காரைக்காலில் மாங்கனித் திருவிழாப் பவனி போகிற தெருவில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். (எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள். கதைக்காக நானே ஒன்றைக் கட்டிக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது கடைசியில் தெரியும்.) தெருவைப் பார்த்துப் பதினாறு கடைகள். அவற்றின் தலைமேல் ஆறு வகுப்பறைகள். கீழே ஜவுளிக்கடையில் மீட்டர் என்ன விலை என்று பேரம் நடந்துகொண்டிருக்கும்போது மேலே பைத்தகோரஸ் தேற்றம் ஓடும். எட்டாவது கடைக்கும் ஒன்பதாவது கடைக்கும் நடுவே பதினேழாவதாக ஒரு குட்டிக் கடை. உள்ளே நின்று கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தொடும். அதன் கூரை வாசலில் உயரமாகத் தொடங்கி, உள்ளே போகப் போகத் தாழ்ந்து தரையில் முட்டும். நோட்டு, நிப்பு, மை, ஜியாமெட்ரிப் பெட்டி விற்கிறார்கள். நடத்துகிறவர் ரோஷன் பேகம்.

எனக்கு முழங்கால் வலி உண்டு. மாடி என்று ஒன்றைக் கண்டால் ஏறுகிறேனோ இல்லையோ, படி எங்கே என்று கண் தேடும். இங்கே தெருப் பக்கம் படியே இல்லை.

"மேல போறதுக்கு வழி எதும்மா?"

"இங்கேருந்து வழி கெடையாதுங்க. பள்ளிக்கூடத்து கேட்டுக்குள்ள போயி ஏறணும்." கோடு போடுகிற அடிக்குச்சியால் தலைக்கு மேலே சாய்ந்திருந்த கூரையைத் தட்டிக் காட்டினார். "இதான் அந்தப் படியோட அடிவயிறு."

"யாரு இப்படிக் கட்டினது?"

"ஒரு அம்மா தப்பாக் கோடு போட்டுட்டாங்களாம். அந்தத் தப்புக்குக் கீழதான் நான் ஒக்காந்து சோறு திங்கிறேன். அல்லா அவங்கள நல்லா வைக்கணும்."

நிப்போடு நாற்பது பக்க நோட்டு ஒன்றும் வாங்கினேன். நீங்கள் படிப்பது அந்த நோட்டிலிருந்துதான்.

2

நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று தொடக்கங்கள் இருக்கின்றன. இரண்டை அடித்துவிட்டேன். ஆனாலும் பார்த்துவிடுங்கள், எழுத்தாளன் பட்ட பாடு வீணாகவேண்டாம்.

முதல் தொடக்கம்: 1979ஆம் ஆண்டு, பள்ளி வளாகத்தின் முன்புற நிலத்தை வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றி, அதன் வருவாயில் புதிய கட்டடங்கள் எழுப்பும் திட்டம் — (டெண்டர் விளம்பரம் மாதிரி இருக்கிறது. அடித்தாயிற்று.)

இரண்டாம் தொடக்கம்: கடல் காற்றில் உப்பு மணத்தது. தென்னை மரங்கள் — (கடலோர ஊர்க் கதை எல்லாம் உப்பில்தான் தொடங்குகிறது. போதும். மேலும், பொறியாளர் அலுவலகத்துக்குள் உப்பு மணம் வராது, கோந்து மணம்தான் வரும்.)

மூன்றாம் தொடக்கம்: ழோசெத் ஒரு கோடு போட்டாள்.

இதை வைத்துக்கொண்டேன்.*

* கதைக்குள் அவளை 'அவள்' என்றும், வெளியே 'அவர்' என்றும் எழுதுவேன். நேரில் பார்த்தால் நீங்களும் எழுந்து நின்றுவிடுவீர்கள். கதைக்குள் அத்தனை நேரம் நின்றுகொண்டே எழுத முடியாது.

3

ழோசெத் ஒரு கோடு போட்டாள். அவள் உத்தியோகமே அதுதான். பொறியாளர் அலுவலகத்தில் டிரேசர். மேலதிகாரி பென்சிலில் வரைந்த படத்தின்மேல் கண்ணாடி மாதிரி அடி தெரிகிற மெல்லிய துணியை விரித்து, தெரிகிற கோட்டின்மேலேயே மையால் கோடு போடவேண்டும். அந்தத் துணியிலிருந்துதான் புளூபிரிண்ட் எடுப்பார்கள். புளூபிரிண்டைப் பார்த்துத்தான் மேஸ்திரி கட்டுவார். ஆக, பொறியாளர் மனசில் நினைத்ததற்கும் கொத்தனார் கட்டி நிறுத்துவதற்கும் நடுவே ஒரே ஒரு கை இருக்கிறது. அந்தக் கைக்குச் சொந்தமாக ஒரு புள்ளி வைக்கக்கூட உரிமை கிடையாது.

மை பிடிப்பதற்காகத் துணியில் பவுடர் தடவுவாள். அன்றைக்கு அலுவலகம் முழுக்கக் குழந்தை குளிப்பாட்டின வீடு மாதிரி மணக்கும். துணி படபடக்கும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவாள். சித்திரை வெயிலில் மொத்த அலுவலகமும் வேர்த்து விறுவிறுத்துக் கிடக்கும். ஒருவர் வாய் திறக்கமாட்டார். ஏனென்றால் அவள் கை அப்படி. ஐம்பத்தைந்தாம் வருஷம் வேலைக்குச் சேர்ந்தவள், இருபத்து நாலு வருஷத்தில் பிளேடு வைத்துச் சுரண்டின கோடு ஒன்று கிடையாது. புதுச்சேரித் தலைமை அலுவலகத்துக்குக் காரைக்கால் படம் வந்தால், "ழோசெத் அம்மா படமா? சரிபார்க்க வேண்டாம், அனுப்பு" என்பார்களாம். இந்த வாக்கியத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

வீட்டுக்காரர் ஓகுஸ்தேன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து வந்த சொல்தா. மாசாமாசம் பிரான்சுப் பென்ஷன் வருகிறது. "ராசாத்தி மாதிரி வீட்டுல இருக்கலாம். எதுக்கு அடுத்தவன் கோட்டு மேல கோடு போட்டுக்கிட்டு அலையிற?" என்று வருஷத்துக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸ் முடிந்ததும் கேட்பார். அவள் பதில் சொன்னதில்லை.

பதில் இருந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் ழோசெத் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். ஜியாமெட்ரியில் அவளை மிஞ்ச ஆளில்லை. எட்டோடு பள்ளிக்கூடம் முடிந்துபோகும். மேலே படிக்கப் புதுச்சேரிக்குப் போய் விடுதியில் தங்கவேண்டும். "பொம்பளப் புள்ளைய விடுதியில விட்டுட்டு நான் என்ன தூங்குறதா?" என்று அப்பா சொல்லிவிட்டார். கூடப் படித்த ஆன்தோனெத்தின் அப்பா அப்படிச் சொல்லவில்லை. ஆன்தோனெத் போனாள், படித்தாள், திரும்பி வந்து அதே பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியை ஆனாள். வந்ததும் முதல் காரியமாக மேலே எழுதிப் போராடி ஒன்பதாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் கொண்டுவந்தாள்.

கட்டடம் வரையவேண்டும் என்று ஆசைப்பட்ட ழோசெத், மற்றவர் வரைந்த கட்டடத்தின்மேல் மை தடவப் போனாள். இதை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. ஆன்தோனெத் சொன்னது.

4

இனி வில்லன் வரவேண்டும். தேடித் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. அது என் குற்றமல்ல. ஊரில் அந்த வருஷம் எல்லாரும் நல்லவர்களாகவே இருந்து தொலைத்தார்கள்.

பள்ளி வளாக மேம்பாட்டுக் குழு என்று ஒன்று அமைத்தார்கள். தலைவர் கோவிந்தராசு, அரிசி ஆலைக்காரர், கைசுத்தமான மனுஷன். திட்டமும் நல்ல திட்டம்தான். பள்ளிக்கூடத்துக்குத் தெருவோரமாக நீளமான முகப்பு. அதில் ஓடு உடைந்த ஆறு பழைய அறைகள். அவற்றை இடித்துவிட்டுப் பதினாறு கடைகள் கட்டுவது முதல் கட்டம். கடை வாடகையில் பின்பக்கம் புது வகுப்பறைகள் கட்டுவது இரண்டாம் கட்டம். கடைத்தெருவுக்குக் கடை ஆச்சு, பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் ஆச்சு. யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் நம் ஊரில் இரண்டாம் கட்டம் என்பது சொர்க்கம் மாதிரி. இருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் கிடையாது.

படம் ழோசெத்தின் மேசைக்கு வந்த அன்றே ஆன்தோனெத்தும் வந்தாள். குடையை மடக்கிக்கொண்டே,

"ழோசெத்து, அந்தப் படத்தக் காட்டு."

"காட்டக் கூடாது."

"காட்டக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். காட்டு."

காட்டினாள். ஆன்தோனெத் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இடிக்கிற ஆறு ரூம்லதான் என் ஒன்பதாவதும் பத்தாவதும் இருக்கு. அதுங்கள எங்க வச்சிருக்கீங்க?"

ழோசெத் படத்தின் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். இரண்டாம் கட்டம் அங்கே வெறும் புள்ளிக்கோட்டில் இருந்தது.

"புள்ளிக்கோட்டுல ஒக்காந்து புள்ளைங்க படிக்குமா?"

"அதுவரைக்கும் ஊருக்கு அந்தாண்ட ஆம்பளப் பசங்க பள்ளிக்கூடத்துல எடம் குடுப்பாங்களாம். குறிப்புல எழுதியிருக்கு."

ஆன்தோனெத் சிரித்தாள். சிரித்ததாகத்தான் அவளே சொன்னாள். எனக்கு நம்பிக்கை இல்லை. எண்பது பெண்கள். பாதிப்பேர் நெரவியிலிருந்தும் குரும்பகரத்திலிருந்தும் பஸ்ஸில் வருகிறவர்கள். ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் என்றால் எத்தனை வீட்டில் அனுப்புவார்கள்?

அதற்கு விடை பள்ளிக்கூடத்து மதிலோரமே உட்கார்ந்திருந்தது. குஞ்சம்மாள். காலையில் படகுத்துறையிலிருந்து கூடையோடு வந்து, சாயங்காலம் வரைக்கும் மத்தியும் காரலும் விற்கிறவள். (மீன்காரி இல்லாமல் ஒரு காரைக்கால் கதை எழுதிக் காட்டவேண்டும் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. அவள் மகள் அமுதம் எட்டாம் வகுப்பில் முதல் மாணவி. நான் என்ன செய்ய?) அன்று சாயங்காலம் ழோசெத் மீன் வாங்குகிற சாக்கில் கேட்டாள், அமுதம் அடுத்த வருஷம் ஊருக்கு அந்தாண்ட படிக்கப் போகுமா என்று.

"ஆம்பளப் பசங்க படிக்கிற எடத்துக்கா? நல்லா இருக்கே!" என்றாள் குஞ்சம்மாள். "இந்த மதிலுக்குள்ள இருக்கான்னா, நான் இங்கயே ஒக்காந்திருக்கேன், கண்ணுல தெரியும். அங்கல்லாம் யாரு பாக்குறது? படிச்சது போதும்மா. அடுத்த தையில ஒருத்தன் கையில புடிச்சிக் குடுத்துட்டுப் போறேன்."

ழோசெத் காரல் வாங்காமலே வீட்டுக்குப் போனாள்.

5

இந்த இடத்தில் கதை நின்றுபோனது. இரண்டு வாரம் நோட்டைத் திறக்கவில்லை. ஒரு டிரேசரால் என்ன செய்ய முடியும்? மனு கொடுக்கலாம். ஆன்தோனெத் ஏற்கெனவே நாலு மனு கொடுத்திருந்தாள். கதையை நகர்த்த மாம்பழம்தான் வந்தது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி. ஆனி மாசத்தில் இந்தத் தெருவில் சிவபெருமான் பிச்சை கேட்டு வருகிற கோலத்தில் பவனி வருவார். வேண்டுதல் பலித்தவர்கள் மாடியில் நின்று மாம்பழத்தைக் கூடைகூடையாகத் தெருவில் இறைப்பார்கள். பிள்ளை வேண்டும் என்பவர்கள் கீழே மடியேந்திப் பிடிப்பார்கள். ஆகவே அந்தத் தெருவில் மாடி இல்லாத வீட்டுக்காரனுக்குக் கொஞ்சம் மரியாதை குறைவு.

கோவிந்தராசுவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, அப்படிப் பிடித்த மாம்பழத்தில்தான் ஒரு மகள் பிறந்தாள். வருஷாவருஷம் யார் வீட்டு மாடியையாவது இரவல் கேட்டுத்தான் மாம்பழம் இறைத்துக்கொண்டிருந்தார். படத்தைப் பார்க்க வந்தவர் பொறியாளர் சொக்கநாதனிடம் கையைப் பிசைந்தபடி நின்றார்.

"எல்லாம் சரிங்க. கடைக்கு மேல தளம் போடுறீங்கள்ல? அது மாங்கனி அன்னிக்கு ஆளு ஏறுற மாதிரி இருக்கணும். ஒரு படியும் வச்சிருங்க."

"எத்தன பேரு ஏறுவாங்க?"

"ஐந்நூறு பேருன்னு வச்சிக்குங்களேன். கூடையோட."

சொக்கநாதன் கெட்டிக்காரர். ஐந்நூறு பேர், கூடை, குதியாட்டம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுத் தூணைப் பருமனாக்கினார், தளத்தைக் கனமாக்கினார். படிக்கட்டை மட்டும் தனியாக ஒரு சின்னத் தாளில் பென்சிலால் வரைந்தார்: எட்டாவது கடைக்கும் ஒன்பதாவது கடைக்கும் நடுவே, காலடி தெருவில், உச்சி பள்ளிக்கூடத்துப் பக்கம். பதினெட்டுப் படி, படிக்கு ஏழு அங்குலம். தாளை ழோசெத்தின் மேசையில் வைத்துவிட்டு, "திங்கக்கெழம பஸ்ல புதுச்சேரிக்கு அனுப்பிடுங்கம்மா" என்று சொல்லி, துணியின் அடியில் முன்கூட்டியே கையெழுத்தையும் போட்டுவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து அவருக்கு மாஹேயில் ஆறு மாசப் பணி. ழோசெத் அம்மா படத்தை யார் சரிபார்ப்பார்கள்?

6

இப்போது நான் எழுதவேண்டியது ஒரே ஒரு காட்சி. மேசை, துணி, பவுடர், நிறுத்திய மின்விசிறி, தனித் தாளில் ஒரு படிக்கட்டு. இந்தக் காட்சியில் வேறு யாரும் இல்லை. ஆகவே என்ன நடந்தது என்று எனக்கும் தெரியாது. இரண்டு விதமாகவும் எழுதிவைக்கிறேன்.

விதம் ஒன்று. வெள்ளிக்கிழமை மத்தியானம். வெக்கை. சின்னத் தாளில் எழுத்து எதுவும் இல்லை, வெறும் கோடுகள். அடி தெரிகிற தாள் வேறு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தெரியும். அவள் அதைத் துணிக்கடியில் செருகும்போது பின்பக்கம் மேலாக, தலைமாடு கால்மாடாகச் செருகிவிட்டாள். தெருவில் இருக்கவேண்டிய காலடி பள்ளிக்கூடத்துக்குள் போயிற்று. கவனிக்காமல் மை போட்டாள். அடி தெரிகிற துணியும் தாளும் புழங்குகிற இடத்தில் இது நடக்கக்கூடிய தப்புதான். டிரேசர்களைத் தவிர வேறு யாருக்கும் நடக்காத தப்பு.

விதம் இரண்டு. அவள் அந்தத் தாளைக் கையில் எடுத்து, தான் எட்டோடு நின்றுபோனதை நினைத்து, கண்ணில் நீர் தளும்ப — (இல்லை. ழோசெத் அழமாட்டாள். துணியில் சொட்டினால் மை ஓடிவிடும்.)

விதம் இரண்டு, மறுபடி. அவள் தளத்தின் கனத்தைப் பார்த்தாள். தூணின் பருமனைப் பார்த்தாள். ஐந்நூறு பேர் குதிக்கிற தளம். பிறகு படிக்கட்டைப் பார்த்தாள். படி யார் முற்றத்தில் இறங்குகிறதோ மாடி அவர்களுக்குத்தான் என்பது கூட்டுக்குடும்பத்தில் வாழ்ந்த எவளுக்கும் தெரியும். தாளை எடுத்தாள். திருப்பினாள்.

எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. ஒரு கோடு பிசகாத கைக்காரி, வேண்டுமென்றே பிசகுவாளா? இருபத்து நாலு வருஷம் காப்பாற்றின பெயர் அது.

7

கட்டடம் எழும்பியது. அதுவரை ஒன்பதாவதையும் பத்தாவதையும் ஆன்தோனெத் பின்பக்கம் மரத்தடியில் வைத்து ஒப்பேற்றினாள். தெருப் பக்கம் முழுக்கக் கீற்றுத் தட்டி கட்டி மறைத்திருந்ததால் ஒருவரும் கவனிக்கவில்லை. தட்டியை அவிழ்த்த அன்று கோவிந்தராசு பட்டு வேட்டியோடு வந்து, எட்டாவது கடை வாசலிலிருந்து ஒன்பதாவது கடை வாசலுக்கும், ஒன்பதிலிருந்து எட்டுக்கும் நாலு தடவை நடந்தார்.

"படி எங்கய்யா?"

மேஸ்திரி புளூபிரிண்டை விரித்தார். அதில் இருந்ததைத்தான் கட்டியிருந்தார்.

இடித்துக் கட்டலாம் என்றார்கள். ஆனால் படியைத் திருப்பியதில் ஒரு வேடிக்கை நடந்திருந்தது. படியின் உயரமான முனை தெருப் பக்கம் வந்துவிட்டதால் அதன் அடியில் ஆள் நிற்கிற உயரத்துக்கு ஒரு பொந்து கிடைத்திருந்தது. கணக்கில் வராத பதினேழாவது கடை. குழுவில் அதைப் பார்த்த பிறகு இடிக்கச் சொல்ல ஒருவருக்கும் நாக்கு வரவில்லை. கரும்பு தின்னக் கூலியா கேட்பார்கள்?

படி நின்றுவிட்டது. தப்பு யாருடையது என்பதுதான் மிச்சம். மாஹேயிலிருந்து திரும்பி வந்த சொக்கநாதன் துணியையும் தன் சின்னத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தாளத் திருப்பி வச்சிட்டீங்களாம்மா?"

"ஆமாங்க."

"நீங்களா?"

"வயசாகுதுல்லங்க. கண்ணு மங்குது."

"மேல எழுதிக் குடுக்கச் சொல்றாங்க. எழுதினா உங்க பதிவேட்டுல ஏறிடும். அடுத்த வருஷம் டிராஃப்ட்ஸ்மேன் போஸ்டு உங்களுக்குத்தான்னு இருந்தது. அது போயிடும்."

டிராஃப்ட்ஸ்மேன் ஆனால் அவளே பென்சில் பிடித்து வரையலாம். வேறொருத்தி அவள் கோட்டின்மேல் மை போடுவாள். எட்டாம் வகுப்பிலிருந்து அவள் காத்திருந்தது அதற்குத்தான்.

ழோசெத் ஒரு தாளை எடுத்துத் தன் முத்து முத்தான எழுத்தில் எழுதினாள்: 'என் கவனக்குறைவால் படம் தலைகீழாகப் பதிவாகிவிட்டது. இது முழுக்க என் தவறு. பொறியாளருக்கு இதில் பங்கு இல்லை.' ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

இந்த இடத்தை எழுதிவிட்டு நான் பேனாவை மூடிவைத்தேன். எனக்கு அவளைப் பிடித்துப்போனது இங்கேதான். தப்பு என்றால் இத்தனை நிமிர்ந்து ஒப்புக்கொண்டவளைப் பிடிக்கிறது. தப்பு இல்லை என்றால், தனக்கு இருந்த ஒரே சொத்தான நல்ல பெயரைத் தானே கிழித்து எண்பது பெண்களுக்குப் படி போட்டவளை என்ன சொல்வது?

8

எண்பதாம் வருஷம் ஆனிப் பௌர்ணமி. ஆன்தோனெத் பள்ளிக்கூடத்து கேட்டைத் தானே திறந்துவைத்து, "வாங்க வாங்க, மாம்பழத்தோட ஏறுங்க" என்று கோவிந்தராசுவை வரவேற்றாள். அவர் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். சொந்த மாடி மாதிரி நின்று, ஆசைதீர இறைத்தார். இறங்கும்போது மனுஷன் கண் கலங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து ஆன்தோனெத் கேட்டாள்:

"ஐந்நூறு பேரத் தாங்குன மாடி, என் எண்பது பொண்ணுங்களத் தாங்காதாங்க? மாங்கனி அன்னிக்கு மட்டும் எப்பவும் ஒங்களுக்குத்தான். மத்த நாளு சும்மாதான கெடக்கு?"

மாம்பழம் இறைத்துவிட்டு இறங்குகிறவன் இல்லை என்று சொல்லமுடியுமா? முதல் வருஷம் மேலே கீற்றுக் கொட்டகை. எண்பத்து மூன்றில் சுவர் வைத்த ஆறு அறைகள். ஒன்பதாவதும் பத்தாவதும் ஊருக்கு அந்தாண்டை போகவே இல்லை. குஞ்சம்மாள் மதிலோரத்திலிருந்து எழுந்து எதிர்ச்சாரிக்குக் கூடையை மாற்றிக்கொண்டாள். அங்கேயிருந்து பார்த்தால்தான் மாடி வராந்தா தெரியும். அமுதம் பத்தாவது தேறிவிட்டது, இப்போது நர்சுக்குப் படிக்கிறது.

இரண்டாம் கட்டம் இன்னும் புள்ளிக்கோட்டில்தான் இருக்கிறது.

(கோவிந்தராசுவின் மகளும் இப்போது அதே மாடியில் ஒன்பதாவது படிக்கிறாள். இது நிஜம். ஆனால் கதையில் இப்படி வந்தால் ஆசிரியர் கைவேலை என்பீர்கள். ஆகவே அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டேன்.)

9

எழுதினதை எடுத்துக்கொண்டு போன வாரம் இரண்டு பேரைப் பார்த்தேன்.

ஓய்வு பெற்றுவிட்ட சொக்கநாதன் அந்தச் சின்னத் தாளை இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். பென்சில் மங்கியிருந்தாலும் எண்ண முடிந்தது. பதினெட்டுப் படி. "தப்பு நடந்துபோச்சு, என்ன செய்யிறது" என்றார். அந்தத் தப்பின் தாளை ஏன் ஏழு வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. அவர் காப்பி வரவழைத்துவிட்டார்.

பிறகு ழோசெத் அவர்கள். இன்னும் டிரேசர்தான், அதே மேசை. துணியில் பவுடர் தடவிக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே பேசினேன்.

"தப்புதானுங்க. எழுதிக் குடுத்துட்டேனே, அப்புறம் என்ன?"

"இத்தனை வருஷத்துல ஒரே தப்பு. அதுவும் சரியா வேண்டிய எடத்துலயா வந்தது?"

"தப்பு எடம் பாத்தா வரும்?" என் சட்டைப்பையைப் பார்த்தார். "நிப்பு எங்க வாங்கினீங்க?"

"படிக்கட்டுக் கடையில."

"ரோஷன் பேகம் நல்ல நிப்பாத்தான் குடுக்கும்" என்றார். மின்விசிறியை நிறுத்தப் போனார்.

10

முடிவு எழுதவேண்டும். நோட்டில் மூன்று பக்கம்தான் மிச்சம்.

ஒரு முடிவில் அவர் கடைசியில் உண்மையைச் சொல்கிறார். அடித்துவிட்டேன், அவர் சொல்லமாட்டார். இன்னொரு முடிவில் அது நிஜமாகவே தப்புதான், ஊர்தான் அதைப் பெரிதாக்கிவிட்டது. அதை எழுதி முடித்துவிட்டு, எதற்கும் ஒரு தடவை அந்த மாடியைப் பார்த்துவிடலாம் என்று நேற்றுப் பள்ளிக்கூடம் போனேன். ஆன்தோனெத் அனுமதி கொடுத்தார்.

முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டு ஏறத் தொடங்கினேன். மேலே வந்துவிட்டேன். வலிக்கவில்லை. ஏழு அங்குலப் படி ஏறினால் வீட்டில் மூன்றாவது படியிலேயே முனகுகிற கால் இது. கீழே இறங்கி எண்ணிக்கொண்டே ஏறினேன். நம்பாமல் மறுபடி இறங்கி எண்ணினேன். ஜியாமெட்ரிப் பெட்டியோடு போன ஒரு பெண்ணிடம் அடிக்குச்சி இரவல் வாங்கி உயரத்தையும் அளந்தேன்.

பதினெட்டு இல்லை. இருபத்தொன்று. படிக்கு ஆறே அங்குலம். பதினெட்டை ஏழால் பெருக்கினாலும் இருபத்தொன்றை ஆறால் பெருக்கினாலும் நூற்றிருபத்தாறுதான். மாடியின் உயரம் மாறவில்லை. படி மட்டும் தாழ்ந்திருக்கிறது. பாவாடை தடுக்காமல், புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, பதிமூன்று வயசுப் பெண் ஒருத்தி ஓடி ஏறுகிற உயரம்.

தாளைத் திருப்பி வைத்தால் முன் பின்னாகும், இடது வலதாகும். பதினெட்டு இருபத்தொன்று ஆகாது. அதற்கு ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டு, அடியில் இல்லாத கோட்டைச் சொந்தமாகப் போடவேண்டும்.

படி உச்சியிலேயே கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். மணி அடித்து, பெண்கள் என்னைத் தாண்டி இறங்கிப் போனார்கள். ஒருத்தியும் படியைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவைப்படாத படி அது.

அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறது: கவனக்குறைவு. படிக்கட்டில் இருக்கிறது: இருபத்தொன்று. எதைக் கதையின் முடிவாக வைத்துக்கொள்வது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். இந்த இருபத்தொன்று அலுவலகத்துக்குத் தெரியக்கூடாது என்றுதான் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லவில்லை, ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். மாங்கனி அன்று கேட் திறந்திருக்கும். யாரும் ஏறலாம், எண்ணலாம். ஒரே ஒரு வேண்டுகோள். அவர் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அதுவரைக்கும் வாய்விட்டு எண்ணாதீர்கள்.